மூளையின் நட்சத்திர செல்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துவரும் ஒருவருக்குத் திடீரென்று தலைவலி, வாந்தி. ஸ்கேன் எடுத்தால் மூளையில் கட்டி. "அப்போ இது மூளைப் புற்றுநோயா டாக்டர்?" என்று வீட்டார் கேட்பார்கள். இல்லை. குடியேறிய இடம் மூளை, ஆனால் அது நுரையீரல் புற்றுநோய்தான். மார்பகப் புற்றுநோயும் மெலனோமா என்கிற தோல் புற்றுநோயும் இப்படி மூளைக்குப் போவதுண்டு.

மூளைக்குப் போன புற்றுசெல்லெல்லாம் பிழைப்பதில்லை. 1889-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். விதை, அதாவது புற்றுசெல், எங்கு வேண்டுமானாலும் விழலாம், ஒத்துவருகிற மண்ணில்தான், அதாவது உறுப்பில்தான், முளைக்கும் என்றார். மூளை என்ற மண்ணில் என்ன இருக்கிறது? நியூரான்களைத் தெரியும். அவற்றைச் சுற்றி நட்சத்திர வடிவில் ஆஸ்ட்ரோசைட்டுகள் இருக்கின்றன. நியூரான்களைப் பராமரிப்பது இவற்றின் வேலை. நாம் கவனிக்க வேண்டியது இவற்றைத்தான்.

முதலில் இவை புற்றுசெல்லுக்கு எதிரிகள். நியூயார்க்கில் புற்றுநோய் ஆய்வாளர் ஜோன் மசாகேயின் ஆய்வகம் 2014-இல் இதைக் காட்டியது. மூளையில் உருவாகும் பிளாஸ்மின் என்ற நொதி, ஆஸ்ட்ரோசைட்டின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு கொல்லும் புரதத்தை வெட்டி விடுவிக்கிறது. வந்த புற்றுசெல்கள் பெரும்பாலும் செத்துப்போகின்றன. தப்பிப்பவை எப்படித் தப்பிக்கின்றன? பிளாஸ்மின் உருவாகாமல் தடுக்கும் செர்பின்கள் என்ற புரதங்களைத் தாங்களே சுரந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் நியூரோசெர்பின், அதாவது நியூரான்கள் சுரக்கும் புரதம்! வீட்டுக்காரர் சட்டையையே போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்த மாதிரி.

அப்புறம்தான் வேடிக்கை. பிழைத்த புற்றுசெல் ஆஸ்ட்ரோசைட்டோடு ஒட்டி, இரண்டுக்கும் நடுவே நுண்ணிய குழாய்வழிகளைத் திறக்கிறது. அதன் வழியாக ஒரு சிறு மூலக்கூறை அனுப்புகிறது. ஆஸ்ட்ரோசைட் அதை ஆபத்துச் செய்தியாக எடுத்துக்கொண்டு இன்டர்ஃபெரான் போன்ற எச்சரிக்கைப் புரதங்களைச் சுரக்கிறது. அந்தச் சுரப்பே புற்றுசெல்லை வளர்த்து, கீமோதெரபியைத் தாங்கவும் வைக்கிறது. 2016-இல் இதே ஆய்வகம் கண்டது இது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. 2015-இல் டெக்சாஸ் குழு ஒன்று பார்த்தது: கட்டி வளராமல் அடக்கிவைக்கும் பிடென் என்ற மரபணு, மூளைக்குள் வந்த புற்றுசெல்களில் அடங்கிப்போகிறது. ஆஸ்ட்ரோசைட்டுகள் சிறு பொட்டலங்களில் அனுப்பும் நுண் ஆர்என்ஏ, அதாவது மரபணுக்களின் வேலையைத் தடுக்கும் குட்டி மூலக்கூறுதான் அதை அடக்குகிறது. அதே செல்களை மூளையிலிருந்து வெளியே எடுத்தால் பிடென் திரும்ப வேலை செய்கிறது. பேஜட் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

நியூரான்களும் சும்மா இல்லை. ஆஸ்ட்ரோசைட் உட்கார வேண்டிய இடத்தில், நியூரான் இணைப்பின் பக்கத்தில், மார்பகப் புற்றுசெல் உட்கார்ந்துகொண்டு, நியூரான்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் அங்கே சிந்துவதைத் தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்துகிறது என்று 2019-இல் சுவிட்சர்லாந்துக் குழு கண்டது.

சரி, சிகிச்சைக்கு இதனால் என்ன? புற்றுசெல்லுக்கும் ஆஸ்ட்ரோசைட்டுக்கும் நடுவே திறக்கும் அந்தக் குழாய்வழிகளை அடைக்க மெக்ளோஃபெனமேட் என்ற பழைய வலிநிவாரணியைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் மூளையில் கட்டி வளர்வது குறைந்தது. எலிகளில்தான். அதனால் தயவுசெய்து நாளைக் காலையில் மருந்துக்கடையில் போய் இந்தப் பெயரைக் கேட்காதீர்கள். வணக்கம்.