பகல் பதினொரு மணித் தெரு

(பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைப்பது பற்றிப் பழைய வண்ணாரப்பேட்டையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எனக்குத் திக்குவாய். கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதற்கும் அதுதான் காரணம். 1997-இல் நான்காம் வகுப்பு. வருகைப்பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்லி முடிக்க எனக்கு நேரம் பிடிக்கும். வகுப்பே சிரிக்கும். ஆசிரியரும் சேர்ந்து சிரித்த அன்று அப்பா என்னை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். சில மாதங்களில் தங்கையையும் நிறுத்தினார். அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. ஒருவன் வீட்டில் படிக்கிறான், இவளும் கூட உட்காரட்டுமே என்ற கணக்குதான்.

எனக்கு முன்னால் பேசியவர் தாகூரைச் சொன்னார். வீட்டில் படித்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் கொல்கத்தாவில் அவர் வளர்ந்த ஜோராசாங்கோ மாளிகைக்கு மல்யுத்தம் சொல்லித்தர ஒருவர், ஓவியத்துக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர் என்று வந்து போனார்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு. எல்லாப் பாடத்துக்கும் ஒரே ஆசிரியை, பத்தாம் வகுப்புத் தேறிய அம்மா. தையல் மிஷினை மிதித்தபடியே பதினாறாம் வாய்ப்பாட்டைக் கேட்பார். தப்பாகச் சொன்னால் மிஷின் நிற்கும். அந்தச் சத்தம் நிற்பதுதான் எங்களுக்கு அடி.

வடசென்னைப் பிள்ளை என்றால், காசிமேட்டு மீன் ஏலத்தில் கணக்குக் கற்றேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் கைதட்டுவீர்கள். ஏலத்துக்குப் போயிருக்கிறேன், வேடிக்கை பார்த்திருக்கிறேன், காலில் ஐஸ் தண்ணீர் பட்டுச் சளி பிடித்துத் திரும்பியிருக்கிறேன். ராயபுரம் ஸ்டேஷனுக்கும் அப்பா கூட்டிப்போனார். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது என்று காட்டினார். மறக்கவில்லை. ஆனால் தசமப் புள்ளியைப் புரியவைத்தது ஏலக்காரர் இல்லை. அம்மா, அளவு நாடாவை வைத்துக்கொண்டு.

வீட்டில் எனக்குக் கிடைத்த நல்லது ஒன்று உண்டு. நான் பாதியில் நிற்கும் சொல்லை யாரும் பிடுங்கி முடிக்கவில்லை. திக்கல் போகவில்லை. அதன் மேல் இருந்த பயம் போனது. இன்று உங்கள் முன்னால் மைக் பிடித்து நிற்பது அதனால்தான்.

போனது என்ன என்று கேட்டால், பகல் பதினொரு மணித் தெருவைச் சொல்வேன். ஒன்பது மணிக்கு மேல் எங்கள் தெருவில் என் வயதுப் பையன் ஒருவனும் இருக்க மாட்டான். திண்ணையில் தாத்தாக்கள், காலிக்கூடையோடு திரும்பும் மீன்கார அம்மாக்கள், நான். "இன்றைக்கு லீவா தம்பி?" என்று டீக்கடைக்காரர் கேட்பார். தினமும் கேட்பார். நாலரை மணிக்குக் கேரம் போர்டு வெளியே வரும். என்னையும் சேர்த்துக்கொள்வார்கள், ஆட்டம் எனக்கு நன்றாகவே வரும். பேச்செல்லாம் அன்று வகுப்பில் நடந்தது பற்றியே இருக்கும். எந்த வாத்தியாருக்கு என்ன பட்டப்பெயர், யார் வெளியே முட்டி போட்டான் என்று. அவர்கள் சிரிக்கும் இடத்தில் நான் ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பேன். நாற்பதை நெருங்கும் இந்த வயதிலும் அலுவலக அரட்டையில் அந்த ஒரு நொடி எனக்குப் பிந்துகிறது.

தங்கையின் கதை வேறு. எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், பன்னிரண்டரை வயது முடிந்திருந்தால் போதும் என்று, துணி தைக்க வந்த ஓர் அம்மாவிடம் அவளே விசாரித்து வைத்துக்கொண்டாள். எழுதினாள், தேறினாள், அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். நான் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்பு எழுதினேன். அதற்குப் பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும், ஐந்து பாடம், ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்பு. கணக்கு எனக்கு மூன்றாவது வாய்ப்பில் வந்தது. வாய்ப்பாடு தப்பியதால் இல்லை. மூன்று மணி நேரம் கூட்டத்தோடு ஓர் அறையில் உட்கார எனக்குப் பழக்கமே இல்லை. "நீ திக்கினாய், வீட்டில் இருந்தாய். நான் ஏன் இருந்தேன்?" என்று தங்கை இன்றும் கேட்கிறாள். அப்பாவிடம் பதில் இல்லை.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டீர்கள். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுக்கானது. அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் பத்தாம் பிரிவு. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. நாங்கள் படித்த காலத்தில் இந்தச் சட்டமே இல்லை.

ஆனால் பணக் கணக்கு அன்றும் இருந்தது. தங்கை அரசுப் பள்ளிக்குப் போனதும் அவளுக்குப் புத்தகமும் பஸ் பாஸும் சத்துணவும் கிடைத்தன. அதுவரை அந்தச் சோற்றை வடித்தது யார்? பாடம் சொன்ன அதே ஆள். போன மாதம் அம்மாவிடம் முதல் முறையாகக் கேட்டேன், எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது உங்களுக்குப் பிடித்திருந்ததா என்று. "பிடித்ததா என்று அப்போது யாரும் கேட்கவில்லையே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு நாளைக்கு இரண்டு ஜாக்கெட் தைப்பது குறைந்தது. ஆறு வருடம்" என்றார். எண்ணி வைத்திருக்கிறார்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், மெதுவாகத்தான் பதில் சொல்வேன். முதலில் பின்வரிசையில் குழந்தையோடு நிற்கிற அந்த அம்மா கேட்கட்டும். நான் பேசத் தொடங்கியதிலிருந்து அவர் கணவர்தான் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.