காரைக் கொண்டு வருபவரே காசும் கட்ட வேண்டுமா?

[காட்சி: புல்வெளியில் வரிசையாகப் பழைய கார்கள், நடுவே மக்கள் கூட்டம்]

இங்கிலாந்தில் கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சிற்றூர்கள் வழியாகப் போனால், எங்காவது ஒரு மைதானத்தில் பழைய கார்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். மோரிஸ் மைனர், எம்ஜிபி, ஆஸ்டின், ஃபோர்டு என்று அறுபதுகளின் தெருவே அங்கே வந்து இறங்கியிருக்கும். வாசலில் டிக்கெட் விற்பார்கள். பார்க்க வருபவர் காசு கொடுத்துவிட்டு உள்ளே போகிறார்; அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. ஆனால் அந்தக் கார்களை ஓட்டிக்கொண்டு வந்தவர்களிடமும் பல இடங்களில் கட்டணம் வாங்குகிறார்கள். கிளாசிக் கார் வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடினால் தவறாமல் எழும் சண்டை இது.

உரிமையாளர்கள் தரப்பு எளிமையானது. ஊரார் பணம் கொடுத்துப் பார்க்க வருவதே எங்கள் கார்களைத்தான். அப்படியிருக்க எங்களிடமே கட்டணமா? கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரரிடம் மொய் கேட்பதுபோல இருக்கிறது என்பதே அவர்கள் ஆதங்கம். அதில் நியாயம் எவ்வளவு என்று பார்க்க, ஒரே ஒரு காரின் அருகே போய் நிற்போம்.

[காட்சி: டிரையம்ப் ஹெரால்டு, முன்பக்கம் முழுவதும் திறந்த நிலையில்]

இது டிரையம்ப் ஹெரால்டு. 1959-இல் சந்தைக்கு வந்தது. இதே வண்டிதான் பிறகு சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக உருவானது. நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பெயர் நினைவிருக்கும். இதன் பானெட் மட்டும் தனியாகத் திறப்பதில்லை. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமாக முன்னோக்கிச் சாயும். சாய்ந்ததும் எஞ்சின் மூன்று பக்கமும் வெட்டவெளியாகிவிடும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைக் கழற்றலாம். கண்காட்சியில் ஹெரால்டைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பதற்கு இதுவே காரணம். எஞ்சினை மறைக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே அதைச் சுத்தமாக வைத்திருக்கச் சனிக்கிழமை முழுவதும் போய்விடும்.

வேலை மட்டுமா? பிரிட்டனில் 2021 செப்டம்பரில் இருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர்க் குழாய்களுக்கும் சீல்களுக்கும் அது ஆகாது. எனவே எத்தனால் குறைவாக உள்ள, விலை கூடிய சூப்பர் பெட்ரோலைத்தான் ஊற்ற வேண்டியிருக்கிறது. போகவரும் வழியில் வண்டி நின்றுவிட்டால் இழுவை வண்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மைதானத்தில் குழந்தைகள் கதவைத் திறந்து பார்ப்பார்கள், யாரோ ஒருவரின் கைப்பை உரசிப் புதுப் பெயிண்டில் கோடு விழும். பகல் முழுவதும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "எங்கள் தாத்தா இதே வண்டி வைத்திருந்தார்" என்று சொல்லிக்கொண்டு வரும் ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் பேச வேண்டும். சொல்லப்போனால் பலர் இதற்காகவே வருகிறார்கள், அது வேறு விஷயம். எல்லாமே செலவு என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனில் 40 வயதைத் தாண்டிய வண்டிக்கு வாகன வரி விலக்கு உண்டு. பெரிய மாற்றங்கள் செய்யாத அத்தகைய வண்டிகளுக்கு 2018 மே மாதத்தில் இருந்து ஆண்டுத் தகுதிச் சோதனையும் கட்டாயம் இல்லை.

[காட்சி: மைதான வாசல், நடமாடும் கழிவறைகள், முதலுதவிக் கூடாரம்]

அமைப்பாளர் பக்கமும் பார்க்க வேண்டும். மைதானத்துக்கு வாடகை. வாடகைக்கு எடுத்த கழிவறைகள். முதலுதவிக் குழு. வண்டிகளை வரிசைப்படுத்த ஆட்கள், ஒலிபெருக்கி, குப்பை அள்ளும் கூலி. இவற்றோடு பொதுப் பொறுப்புக் காப்பீடு. பின்னோக்கி நகரும் வண்டி யாருடைய காலிலாவது ஏறினால் வழக்கைச் சமாளிக்கும் பாலிசி அது; அது இல்லாமல் நிலத்துக்காரர்கள் பெரும்பாலும் மைதானத்தைத் தரமாட்டார்கள். இவ்வளவையும் முன்கூட்டியே கட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கிலாந்து வானத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மழை கொட்டினால் டிக்கெட் வசூல் படுத்துவிடும். கழிவறைக்காரருக்குக் கொடுத்தது கொடுத்ததுதான்.

சரி, யார் கட்டுவது? என் கணிப்பில், வாசலைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வாசலில் பொதுமக்களுக்கு டிக்கெட் விற்கிறார்களா, இல்லையா?

விற்காத நிகழ்ச்சிக்கு நல்ல உதாரணம் லண்டன்–பிரைட்டன் ஓட்டம்.

[காட்சி: ஹைட் பார்க்கில் அதிகாலை, குதிரை வண்டி வடிவில் மிகப் பழைய மோட்டார் வண்டிகள்]

பிரிட்டனில் மோட்டார் வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போக வேண்டும் என்று சட்டம் இருந்த காலம் உண்டு. 1896-இல் அது நீங்கியது. வேக வரம்பும் மணிக்கு 14 மைலுக்கு உயர்ந்தது. அந்த ஆண்டு நவம்பர் 14 அன்று அதைக் கொண்டாட, முன்னால் நடந்தவர் ஒரு காலத்தில் பிடித்துச் சென்ற செங்கொடியின் அடையாளமாக ஒரு கொடியைக் கிழித்துவிட்டு, லண்டனில் இருந்து கடற்கரை ஊரான பிரைட்டனுக்கு வண்டிகளை ஓட்டினார்கள். அதன் நினைவாக 1927-இல் தொடங்கிய ஓட்டம் இன்றும் நவம்பர் முதல் ஞாயிறு அன்று நடக்கிறது. 1905-க்கு முன் செய்த வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. சுமார் 60 மைல் தூரமும் பொதுச் சாலை. ஓரத்தில் நின்று பார்க்க யாருக்கும் கட்டணம் இல்லை. ஓட்டுகிறவர்கள் நுழைவுக் கட்டணம் செலுத்துகிறார்கள். இதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. நூறு ஆண்டைத் தாண்டிய வண்டியைக் கடற்கரை வரை ஓட்டிச் சேர்க்கும் சுகத்தை அனுபவிப்பவர்கள் அவர்கள்தான். வேடிக்கை பார்ப்பவருக்குக் கிடைப்பது கொசுறு.

அமெரிக்காவில் டெட்ராய்ட்டின் உட்வர்டு டிரீம் குரூஸ் இதையும் தாண்டியது. மிச்சிகன் மாநிலத்தின் ஃபெர்ன்டேல் ஊரில் குழந்தைகளுக்குக் கால்பந்து மைதானம் அமைக்கப் பணம் திரட்டலாம் என்று நெல்சன் ஹவுஸ் என்பவர் 1995-இல் தொடங்கினார். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வந்தது. இன்று ஆகஸ்ட் மாதம் நடக்கும் அந்த நாளில் ஆயிரக்கணக்கான பழைய கார்கள் உட்வர்டு அவென்யூவில் ஊர்ந்து போகின்றன. சாலையில் ஓட்டவும் கட்டணம் இல்லை, ஓரத்தில் நின்று பார்க்கவும் கட்டணம் இல்லை. சாலை ஏற்கெனவே இருக்கிறது, விளம்பரதாரர்களும் இருக்கிறார்கள். நூறு கார் நிற்கும் கிராமத்து மைதானத்துக்கு இந்த வசதி வாய்க்காது.

நடுவர்கள் மதிப்பெண் போட்டுக் கோப்பை தரும் போட்டிகள் தனி ரகம். அமெரிக்காவில் இவை அதிகம். அங்கே கட்டும் பணம் போட்டிக்கான நுழைவுக் கட்டணம். கோப்பைக்கும் நினைவுத் தகட்டுக்கும் அதில் இருந்துதான் செலவு. போட்டி வேண்டாம் என்பவர் கட்டாமல் இருக்கலாம். இதில் நீட்டிப் பேச ஒன்றும் இல்லை.

[காட்சி: டிக்கெட் கவுன்ட்டர், வரிசையில் ஒரு குடும்பம்]

சிக்கல் எல்லாம் டிக்கெட் விற்கும் கண்காட்சியில்தான். குடும்பம் குடும்பமாகக் காசு கொடுத்து உள்ளே வருகிறார்கள். பர்கர் கடைக்காரரும் உதிரிபாகம் விற்பவரும் இடவாடகை கட்டுகிறார்கள். இத்தனை வருமானமும் கார்கள் இருப்பதால் வருவது. அதற்கு மேல் கார்க்காரரிடமும் வாங்கினால், எனக்கு அது பேராசையாகவே தெரிகிறது. ஓட்டுநருக்கும் உடன் வரும் ஒருவருக்கும் இலவசம் என்பதுதான் முறை. காரில் ஐந்து பேர் வந்தால் மற்ற மூவருக்கும் டிக்கெட் கேட்பதில் தவறு இல்லை.

"அறக்கட்டளைக்குத்தானே போகிறது" என்று சில அமைப்பாளர்கள் சொல்வார்கள். நல்லது. அப்படியானால் எவ்வளவு திரண்டது, யாருக்குப் போனது என்று அடுத்த மாதம் அறிவிக்கட்டும். சில கார் சங்கங்கள் ஆண்டுதோறும் இதை ஒழுங்காகச் செய்கின்றன. அங்கே உண்டியலில் காசு போட யாரும் தயங்குவதில்லை. "வருமானத்தில் ஒரு பகுதி நற்பணிக்கு" என்று தட்டியில் எழுதிவிட்டு, அந்தப் பகுதி எவ்வளவு என்று சொல்லாத இடங்களில் நான் எச்சரிக்கையாக இருப்பேன்.

இன்னொரு வாதம் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. இலவசம் என்று அறிவித்தால் முந்நூறு பேர் பதிவு செய்கிறார்கள். காலையில் வானம் கறுத்தால் பாதிப் பேர் போர்வைக்குள் சுருண்டுவிடுகிறார்கள். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் காலி மைதானத்தைப் பார்த்துவிட்டுத் திட்டுகிறார்கள். கட்டணம் வைத்தால் வருகிறேன் என்றவர் வருவார் என்பது அமைப்பாளர் கணக்கு.

[காட்சி: பதிவுப் படிவம், அருகே உணவுச் சீட்டு]

இதற்குக் கட்டணம் தேவையில்லை, முன்பணம் போதும். பதிவு செய்யும்போது பத்து பவுண்டு வாங்குங்கள். வண்டி வாசலுக்கு வந்ததும் திருப்பிக் கொடுங்கள். வாசலில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தால் வரிசை நீளும் என்றால், அதே மதிப்புக்கு உணவுச் சீட்டாகக் கொடுக்கலாம். டீயும் பன்னும் விற்கும் கடைக்கும் வியாபாரம் ஆகும். வராதவரின் பத்து பவுண்டு கழிவறை வாடகைக்குப் போகட்டும். வழியில் உண்மையிலேயே வண்டி நின்றுபோனவர் இழுவை வண்டி ரசீதைக் காட்டினால் அவருக்கும் பணத்தைத் திருப்பித் தரலாம். பழைய கார் விஷயத்தில் அந்த ரசீது அபூர்வமான பொருள் ஒன்றும் இல்லை.