திரையில் கான்ஸ்டன்ஸ், மைக் முன்னால் மெதூசா

நேயர்களுக்கு வணக்கம். நான் டப்பிங் பேசிப் பிழைக்கிறவள். என் தொழிலில் நான் அண்ணாந்து பார்க்கும் ஒரு பிரெஞ்சுக்காரரைப் பற்றி இன்று சொல்கிறேன். பெயர் பெரெத் பிரதியே. 1938இல், அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஹனோய் நகரில் பிறந்தவர்.

முதலில் அவர் சினிமா நடிகை. 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' கதையை 1961இல் பிரான்சில் இரண்டு பாகங்களாக எடுத்தார்கள். நாயகன் தார்த்தன்யான் காதலிக்கும் கான்ஸ்டன்ஸ் இவர்தான். அரசிக்குப் பணிவிடை செய்யும் கள்ளமில்லாத பெண். அடுத்த வருடம் ஜூலியன் துவிவியே என்ற பெரிய இயக்குநரின் படம், 1965இல் ஓஎஸ்எஸ் 117 உளவாளிப் பட வரிசையில் ஒன்று என்று வேலை இருந்தது. ஆனால் அந்தக் காலத்துச் சாகசப் படங்களில் பெண்ணுக்கு என்ன பெரிதாகக் கொடுத்தார்கள்? காதலிக்க வேண்டும், கடத்தப்பட வேண்டும். வில்லியாக நடிப்பவளுக்காவது நாலு நல்ல வசனம் கிடைக்கும்.

அந்த வில்லி வேடம் பெரெத்துக்கு டப்பிங்கில் கிடைத்தது. டிஸ்னியின் 'தி ரெஸ்க்யூவர்ஸ்' 1977இல் வந்த கார்ட்டூன் படம். வைரத்துக்காக ஒரு அநாதைச் சிறுமியைக் குகைக்குள் இறக்கிவிடும் மேடம் மெதூசாவுக்குப் பிரெஞ்சில் குரல் கொடுத்தவர் இவர். கொஞ்சிக்கொண்டே இருப்பாள், அடுத்த நொடி கத்துவாள். கான்ஸ்டன்ஸின் முகத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்ய யாரும் அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

பிரெஞ்சு டப்பிங் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அங்கே படத்துக்குக் கீழே ஒரு பட்டை ஓடும். அதில் வசனம் எழுதியிருக்கும், அந்தக் காலத்தில் கையெழுத்தில். இழுத்துப் பேசும் சொல்லை இழுத்து எழுதுவார்கள், படபடவென்று பேசுவதை நெருக்கி எழுதுவார்கள். உதடு ஒட்டும் இடம், மூச்சு வாங்கும் இடம், எல்லாவற்றுக்கும் குறி உண்டு. ஓடிவரும் எழுத்து ஒரு செங்குத்துக் கோட்டைத் தொடும்போது அந்தச் சொல் நம் வாயிலிருந்து வர வேண்டும். முன்னால் ஒரு கம்பி இருக்கும், அங்கே நின்றபடிதான் பேசுவார்கள். கோடம்பாக்கத்தில் நாங்கள் மூல வசனத்தை ஹெட்போனில் கேட்டு, வாயசைவைப் பார்த்துப் பிடிக்கிறவர்கள். அங்கே கண்தான் வழிகாட்டி. வசதிதான், ஆனால் எழுத்தைப் பார்த்துப் படிப்பது குரலில் தெரிந்துவிட்டால் காரியம் கெட்டது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான மேடை நாடகங்களில் நிறைய நடித்தவர் பெரெத். அந்தப் பழக்கம் அவரை இங்கே காப்பாற்றியிருக்கும் என்பது என் ஊகம்.

ஜேன் ஃபோண்டா, ஃபே டனவே, ஜாக்குலின் பிஸெட் ஆகியோருக்கெல்லாம் சில படங்களில் பேசியிருக்கிறார். இதில் ஒரு வேடிக்கை. பிஸெட்டின் அம்மா பிரெஞ்சுக்காரர், ஃபோண்டாவோ பிரெஞ்சு இயக்குநரை மணந்து பிரான்சில் குடித்தனம் நடத்தியவர். இரண்டு பேருக்குமே பிரெஞ்சு நன்றாக வரும்! ஆனாலும் அவர்களுடைய ஹாலிவுட் படம் பாரிசுக்கு வந்தால் பெரெத் போன்ற ஒருவர் பேச வேண்டியிருந்தது.

பிறகு டப்பிங் இயக்குநராகவும் ஆனார். எந்த முகத்துக்கு எந்தக் குரல் பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பது, பேசுகிறவரின் உச்சரிப்பையும் உணர்ச்சியையும் திருத்துவது, நேரத்துக்குள் வேலையை முடிப்பது, எல்லாம் அவர் தலையில். என்னைக் கேட்டால் பேசுவதைவிட இதுதான் கஷ்டம். பேசுகிறவருக்குத் தன் பாத்திரம் மட்டும் போதும், இயக்குபவருக்குப் படம் முழுக்கக் காதில் ஓட வேண்டும்.

பெரெத் 2013 ஜனவரியில் காலமானார். மகள் வனினா பிரதியேவும் பாரிசில் டப்பிங் தொழிலுக்கே வந்தவர்.