பிளேடு எந்தப் பக்கம் சுற்றுகிறது?

தோட்டம், தோப்பு வேலையெல்லாம் முடித்து வானொலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம். நான் பொள்ளாச்சிப் பக்கம் தென்னை விவசாயம் செய்கிறேன். கூடவே புல்வெட்டும் மெஷின்களைப் பழுது பார்த்தும் கொடுக்கிறேன். நீளத் தண்டின் ஒரு முனையில் எஞ்சினும் மறுமுனையில் சுற்றும் பிளேடும் இருக்குமே, பிரஷ் கட்டர் என்று சொல்கிறோமே, அதுதான்.

பழுதுக்கு மெஷின் கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் ஒன்று கேட்பேன். "அண்ணா, இதில் பிளேடு எந்தப் பக்கம் சுற்றும்?" நாலைந்து வருடமாக ஓட்டுகிறவர்கள்கூட ஒரு நிமிடம் யோசிப்பார்கள். இது தெரியாமல் மெஷினைத் தோளில் மாட்டக் கூடாது என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

உட்கார்ந்த இடத்திலேயே, உங்கள் முன்னால் தரையில் ஒரு பெரிய கடிகாரம் கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு உங்களுக்கு எதிரே, மூன்று வலது கைப்பக்கம், ஒன்பது இடது கைப்பக்கம், ஆறு உங்கள் காலுக்கு நேராக. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான மெஷின்களில், பிடித்திருப்பவர் மேலிருந்து பார்த்தால் பிளேடு கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றும். மூன்றிலிருந்து பன்னிரண்டுக்குப் போய், அங்கிருந்து ஒன்பதுக்கு வந்து, பிறகு உங்கள் காலை நோக்கித் திரும்பும். கியர் பாக்ஸிலோ தடுப்புத் தகட்டிலோ அம்புக்குறி போட்டிருப்பார்கள். நாளைக்குக் காலையில் உங்கள் மெஷினில் அதைத் தேடிப் பாருங்கள்.

இது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வலமிருந்து இடமாக வீசித்தான் புல்லை வெட்ட வேண்டும். பிளேடின் இடது ஓரம், அதாவது எட்டிலிருந்து பதினொன்று வரை உள்ள பகுதிதான் வெட்ட வேண்டும். வெட்டின புல் இடப்பக்கம், ஏற்கனவே வெட்டிய இடத்தில் விழும். திரும்பி வலப்பக்கம் வரும்போது சும்மா வர வேண்டும், வெட்டக் கூடாது. வலது கையில் அரிவாள் பிடித்துப் பழகியவர்களுக்கு இது சுலபமாகவே வரும்.

பன்னிரண்டிலிருந்து மூன்று வரை உள்ள பகுதிதான் ஆபத்தானது. கருவேலங்கன்றோ, பழைய அடிக்கட்டையோ, வேலிக்கல்லோ அந்த இடத்தில் பட்டால் பிளேடு அப்படியே கடித்து நிற்கும். எஞ்சினின் வேகமெல்லாம் தண்டு வழியாகத் திரும்பி, மெஷின் சட்டென்று வலப்பக்கம் எகிறும், பிடித்திருக்கும் ஆளையும் சேர்த்து இழுக்கும். பக்கத்தில் யாராவது நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிளேடின் ஓரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 255 மில்லிமீட்டர் பிளேடு, நிமிடத்துக்கு 7000 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஓரத்தின் வேகம் மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அதில் மாட்டும் ஒரு சரளைக்கல் எப்படிப் பறக்கும்! அதனால்தான் மற்றவர்கள் 15 மீட்டருக்கு அந்தப்பக்கம் நிற்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள். இரண்டு தென்னை வரிசைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி போதாது.

என் தோப்பிலேயே ஒன்று நடந்தது. நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மா மோர்ச்சொம்போடு பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறார். எஞ்சின் சத்தத்தில் லேசாகத்தான் கேட்டது. என்னவென்று அப்படியே திரும்பினேன். நான் திரும்பினால் மெஷினும் கூடவே திரும்பும் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஒரு கல் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே பட்டு, மூன்று தையல் போட வேண்டியதாயிற்று. அடி கொஞ்சம் மேலே பட்டிருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். புல் வெட்டுகிறவரைப் பின்னாலிருந்து யாரும் கூப்பிடுவதில்லை. தூரமாகச் சுற்றி, அவர் கண்ணில் படும்படி முன்னால் போய் நின்று கையை ஆட்டுவோம். அவர் எஞ்சினை அணைத்த பிறகுதான் நெருங்குவோம். ஆக்சிலேட்டரை விட்டாலும் பிளேடு உடனே நிற்காது, கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

தடுப்புத் தகட்டுக்கு வருகிறேன். ஒன்பதிலிருந்து ஆறுக்கு வரும் ஓரம் உங்களை நோக்கி வருகிறது என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பக்கம் சிதறும் கல் உங்கள் மேல் படாமல் தடுப்பது இந்தத் தகடுதான். ஈரப்புல் அடைக்கிறது என்று நிறையப் பேர் இதைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். தகடு இல்லாமல் வரும் மெஷினை, தகடு மாட்டாமல் நான் திருப்பித் தருவதில்லை. அடைத்தால் எஞ்சினை அணைத்து, பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டு, குச்சியால் எடுத்து விடுங்கள். பிளேடுக்குப் பதிலாக மாட்டும் நைலான் கயிறு சீக்கிரம் தேய்கிறது என்று சிலர் கட்டுக்கம்பியையோ பைக் பிரேக் கேபிளையோ மாட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது துண்டாகிப் பறந்தால் தோட்டா மாதிரி உடம்பில் இறங்கும்.

பிளேடு நட்டும் இந்தச் சுழற்சியை வைத்துத்தான் அமைந்திருக்கிறது. அது எதிர்மரை. மற்ற நட்டைக் கழற்றுவது போலத் திருப்பினால் இன்னும் இறுகும். வேகத்தில் முறுக்கி மரையைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். மரை போன நட்டோடு பிளேடை ஓட்டவே கூடாது.

கண்ணாடி என்றால் பாதுகாப்புக் கண்ணாடி. கூலிங் கிளாஸ் உடைந்தால் அதுவே கண்ணுக்குள் போகும். காலுக்கு பூட்ஸ், காதுக்கு அடைப்பான். வேட்டியும், தோளில் தொங்கும் துண்டும் வேண்டாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஊற்றிய இடத்திலிருந்து நாலு எட்டு தள்ளி வைத்துத்தான் கிளப்ப வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை இறக்கி வையுங்கள். தொடர்ந்து அதிர்ந்தால் விரல் மரத்துப்போகும்.

அப்புறம், தோப்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. புல் வெட்ட வருகிறவருக்கு மணிக்கணக்கில் கூலி. நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கல் பொறுக்க அவருக்கு மனசு வராது, உடனே கிளப்பிவிடுவார். அதனால் முந்தின நாள் சாயங்காலமே தோப்பை ஒருமுறை நடந்து பாருங்கள். கல், பாட்டில் சில்லு, வேலிக்கம்பித் துண்டு, விழுந்த மட்டை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சொட்டுநீர் பைப்பைப் பாத்திக்குள் சுருட்டி, அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். காலையில் அவர் வந்ததும் அந்தக் குச்சிகளைக் காட்டிவிட்டு, பிறகு மெஷினைக் கிளப்பச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.