ராதாரிச் சீட்டு: சுதந்திரம் பற்றி ஒரு பேச்சு

நேயர்களுக்கு வணக்கம்.

அறுவடை முடிந்து களத்துமேட்டில் நெல் அளக்கும்போது, காவல்காரர், தச்சர், வண்ணார் என ஊர்வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பங்கு அளந்து கொடுப்பார்கள். அந்தப் பங்குக்கு நம் கிராமங்களில் 'சுதந்திரம்' என்று பெயர் இருந்தது. அந்த ஏற்பாட்டில் சாதிக் கொடுமை இருந்தது, அதை மூடி மறைக்க வேண்டாம். ஆனால் அந்தச் சொல்லில் ஒரு கூர்மை உண்டு. யாரோ மனசு வைத்துப் போடும் நெல்லை அப்படிச் சொல்ல மாட்டார்கள். கேட்டு வாங்க உரிமை உள்ள நெல்லுக்குத்தான் அந்தப் பெயர்.

அரசியல் தத்துவத்தில் சுதந்திரம் பற்றிய வாதங்களில் பாதிக்கு மேல் இந்த வேறுபாட்டைச் சுற்றித்தான் நடக்கிறது.

தத்துவ அறிஞர் ஐசாயா பெர்லின் 1958-ல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில் சுதந்திரத்தை இரண்டாகப் பிரித்தார். என் வழியில் யாரும் குறுக்கே நிற்காமல் இருப்பது ஒன்று. என் வாழ்க்கைக்கு நானே எஜமானாக இருப்பது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி அவருக்குப் பயம் இருந்தது. 'உனக்கு உண்மையில் எது வேண்டும் என்று உன்னைவிட எனக்குத் தெரியும்' என்று ஒரு கட்சியோ அரசோ சொல்லத் தொடங்கினால், சுதந்திரத்தின் பெயரைச் சொல்லியே ஆளை அடக்கிவிடலாம். பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்தும்போது 'உன் நல்லதுக்குத்தான்' என்று சொல்லும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் முதல் வகையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அளந்தால், நம் உசிலம்பட்டிப் பக்கத்து வரலாறே அளவுக்குள் அடங்காது.

1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இங்கே அதை ரேகைச் சட்டம் என்பார்கள். ஒரு சமூகத்தையே குற்றப் பரம்பரை என்று பட்டியலில் சேர்த்து அரசு அறிவிக்கை போட்டால், அது செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. பதிவான ஆள் வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். எந்த ஊர், எத்தனை நாள் என்று எழுதி வாங்கி, போன இடத்தில் காட்ட வேண்டும். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் உயிரிழந்தவர்களில் ஒருவர். சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது 1947-ல்தான்.

இப்போது ஒரு கேள்வி. சீட்டு எழுதும் அதிகாரி நல்ல மனிதர் என்று வைத்துக்கொள்வோம். கேட்கிறபோதெல்லாம் கையெழுத்துப் போடுகிறார், சந்தைக்கும் கல்யாணத்துக்கும் போய்வர ஒரு நாளும் தடை இல்லை. சீட்டு வாங்கிப் போகிற அந்த ஆள் சுதந்திரமானவரா? குறுக்கே நிற்பவரை மட்டும் தேடினால், அங்கே யாரும் நிற்கவில்லை. ஆனாலும் நம் மனசு 'இல்லை' என்றுதான் சொல்கிறது.

அந்த 'இல்லை'க்குக் காரணம் சொன்னவர்கள் குவென்டின் ஸ்கின்னர், பிலிப் பெட்டிட் என்ற இரண்டு அறிஞர்கள். 1990-களில் அவர்கள் பழைய ரோமச் சட்டத்தின் ஒரு எண்ணத்தை மீட்டெடுத்தார்கள். அடிமை என்பவன் அடிபடுகிறவன் மட்டும் இல்லை, இன்னொருவர் அதிகாரத்துக்குள் வாழ்கிறவன். எஜமான் தங்கமானவராக இருந்தாலும் அவன் அடிமைதான். நாளைக்கு அவர் மனசு மாறினால் கேட்க நாதி இல்லை. அதனால் அவன் முகம் பார்த்தே பேசுவான், தோள் துண்டை இடுப்புக்கு இறக்குவான். தடுக்க ஆள் வரும் முன்பே தன்னைத் தானே தடுத்துக்கொள்வான். ஒருவர் கண்ணை நேராகப் பார்த்து, பயமோ கும்பிடோ இல்லாமல் பேச முடிகிறதா என்பதே பெட்டிட் சொல்லும் சோதனை. எனக்கு இந்த விளக்கம்தான் சரியென்று படுகிறது.

1859-ல் சுதந்திரம் பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில், பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவரைத் தடுக்கக் கூடாது என்றார். அருமையான விதி. ஆனால் குழந்தைகளுக்கும், பின்தங்கியவை என்று அவர் கருதிய சமூகங்களுக்கும் அது பொருந்தாது என்று அதே நூலில் எழுதினார். 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். யாரை விலக்கினார் என்று நமக்குத் தெரியும்.

நாமும் விலக்குகிறோம். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. போட்டியிட ஆள் வராமல், வந்தவர் உடனே ராஜினாமா செய்து, பத்தாண்டு இழுத்தது. முறையாகத் தேர்தல் நடந்தது 2006-ல். சட்டத்தில் அவர்களுக்குத் தடை எதுவும் இல்லை. ஊரில் பிழைக்க வேண்டுமே என்ற பயம்தான் தடை.

இதே கோளாறு இன்றைக்குச் செங்கல் சூளையில் நடக்கிறது. சீசன் தொடங்கும் முன்பு குடும்பத்துக்கு முன்பணம் கொடுக்கிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி, வாரச் செலவுக்குக் கொஞ்சம் காசு. மீதிக் கணக்கு சீசன் முடிவில்தான். கணக்கு நோட்டு மேஸ்திரி கையில். மழையில் கல் கரைந்தால் அந்த நஷ்டமும் தொழிலாளி தலையில் விழும். கடைசியில் பாக்கி நிற்கும், அடுத்த சீசனுக்கும் அங்கேயே வர வேண்டும்.

விசாரணைக்குப் போகிற அதிகாரி பல நேரம் கேட்கும் முதல் கேள்வி: 'உங்களைப் பூட்டி வைத்திருக்கிறார்களா?' 'இல்லை' என்று பதில் வந்ததும் கோப்பு மூடப்படும். தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் பூட்டைத் தேடச் சொல்லவில்லை. முன்பணத்துக்கு ஈடாக நான்கில் ஏதாவது ஒன்று பறிபோயிருந்தால் போதும்: உரிய கூலி, வேறு வேலைக்குப் போகும் உரிமை, விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமை, தன் பொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு, வறுமையின் நெருக்கடியும் பலவந்தம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1982-ல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொன்னது.

எனவே கேட்க வேண்டியவை வேறு. முன்பணம் எவ்வளவு? கணக்கு யாரிடம் இருக்கிறது? நாளைக்கே பக்கத்துச் சூளைக்குப் போக முடியுமா? ஊரில் துக்கம் என்றால் குடும்பத்தோடு கிளம்பலாமா, இல்லை ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் பெரும்பாலும் உண்மை வெளியே வரும். அந்த நிறுத்திவைத்த ஆள்தான் இன்றைய ராதாரிச் சீட்டு. இந்தக் கேள்விகளை முதலாளியோ மேஸ்திரியோ பக்கத்தில் நிற்கும்போது கேட்கக் கூடாது.

விடுவிக்கக் கேட்கும் மனுவை மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ கொடுக்கலாம். அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது, தொழிலாளி பத்திரம் தேடி அலைய வேண்டாம். கொத்தடிமை முறை என்று தெரிந்தால் அந்தக் கடன் சட்டப்படி செத்துப்போகிறது. தங்கியிருக்கும் குடிசையிலிருந்தும் வெளியேற்ற முடியாது. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும்.

இதில் அடிக்கடி கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. மீட்ட ஆட்களை வண்டியில் ஏற்றி ஊரில் இறக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று அதிகாரிகள் போய்விடுவார்கள். விடுதலைச் சான்றிதழ் கையில் இருக்காது. அடுத்த வாரமே மேஸ்திரி வீட்டு வாசலில் வந்து பாக்கியைக் கேட்பார், கடன் ஒழிந்தது என்று காட்ட ஒரு தாள்கூட இருக்காது. ஆகவே ஒவ்வொருவர் பெயரிலும், குடும்பத் தலைவருக்கு மட்டும் என்றில்லாமல் மனைவி பெயரிலும், தனித்தனிச் சான்றிதழ் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

வணக்கம்.