அன்ரிலையபிள்னா ஏமாத்துக்காரனா? சந்தேகங்களுக்கு விளக்கம்

செரி, அடுத்த கேள்வி தக்கலையில இருந்து ஒரு அக்கா. "தேங்கா வெட்டுற ஆளு நாளைக்கு வாரேன் நாளைக்கு வாரேன்னு இழுத்தடிக்காரு, நான் ஏமாத்துக்காரன்னு சொல்லுதேன், மகன் அன்ரிலையபிள்னு சொல்லுதான், ரெண்டும் ஒண்ணுதானா சார்?"

இல்லக்கா, மகன் சொல்லுததுதான் செரி. ஏமாத்துறவனுக்கு உள்ள ஒரு கணக்கு இருக்கும், அட்வான்ஸ வாங்கிட்டு வரவே கூடாதுன்னு நெனச்சா அது ஏமாத்து, கூடவே இருந்து நம்ம விஷயத்த எதிராளிகிட்ட சொன்னா அது துரோகம், இவரு வாரேன்னு சொல்லும்போ நெசமாவே வரணும்னுதான் நெனச்சிருப்பாரு, ஆனா வருவாரா மாட்டாரான்னு நம்மளால முன்கூட்டி சொல்ல முடியல பாத்தியளா, அதாக்கும் அன்ரிலையபிள். எழுதும்போ நம்பகமில்லாதவர்னு எழுதலாம், பேச்சுல 'அவருக்க வார்த்தைய நம்பி எறங்க முடியாது'ம்போம், மண்குதிரைன்னு சொல்லுததும் இதத்தான். வாக்கு மாறுதவருன்னா கொஞ்சம் கடுமை, தெரிஞ்சே மாத்துதாருன்னு ஒரு குத்தம் அதுல சேந்து வந்துரும்.

இன்னொண்ணு, தப்பா இருக்கதெல்லாம் அன்ரிலையபிள் கெடையாது. சந்தையில ஒரு தராசு எப்பவுமே 50 கிராம் கூட்டிக் காட்டுதுன்னு வைங்க, தப்புதான், ஆனா கழிச்சுக்கிடலாம். ஒரே மீன மூணு தடவ வச்சா மூணு எடை காட்டுதா, அத என்ன செய்ய?

பொருளுக்கு மட்டுமில்ல, கடலுக்கும் இத சொல்லலாம். நம்ம கரையில கள்ளக்கடல்ம்பாங்கல்லா, காத்து மழ ஒண்ணும் இருக்காது, வானம் வெளுத்துக் கெடக்கும், திடீர்னு தண்ணி வீட்டு வாசல் வரைக்கும் ஏறிரும், அந்தப் பேர 2012ல யுனெஸ்கோவே ஏத்துக்கிட்டு. கடல நம்ப முடியாதுன்னு சும்மாவா சொன்னாங்க, ஆனா அந்த அலை இங்க பொறக்கல, தெக்க இந்தியப் பெருங்கடல்ல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடிக்க காத்துல பொறந்து நாள்கணக்கா ஓடி வருது, அதனால ஹைதராபாத்துல இருக்க இன்காய்ஸ்ங்குற கடல் நிலவரம் சொல்லுத மத்திய அரசு மையம் முன்னாடியே எச்சரிக்கை குடுக்க முடியுது. நமக்குத் தெரியாத வரைக்குந்தான் அது கள்ளன். 2024 மே 6ல கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் பீச்சுல அஞ்சு மருத்துவ மாணவங்க அலையில சிக்கி செத்துப் போய்ட்டாங்க, அப்பவும் எச்சரிக்கை இருந்துச்சு, வெயில் அடிக்கத பாத்தா யாருக்கு நம்பத் தோணும் சொல்லுங்க.

அக்கா, நீங்க வேற ஆளப் பாத்துக்கிடுங்க, அவர கள்ளன்னு மட்டும் சொல்லாண்டாம். அட்வான்ஸ் குடுத்திருந்தியன்னா அது வேற கதை, எழுதி அனுப்புங்க, பாப்போம்.