நாய்க்குப் பெருஞ்செலவு வாங்கும் நாளிலா, வளர்க்கும் ஆண்டுகளிலா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

வளர்க்கும் ஆண்டுகளில்தான் என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், நல்ல இனக் குட்டியின் விலையே மலைக்க வைக்கிறது என்றார். கூண்டு, படுக்கை, முதல் தடுப்பூசிகள், கருத்தடை என்று எல்லாம் முதல் ஆண்டிலேயே வந்து குவிகின்றன, அதற்குப் பிறகு சாப்பாடு போடுவது மட்டும்தானே என்றும் கேட்டார்.

அந்தச் சாப்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன், நடுவர் அவர்களே. நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, அதை 0.75 அடுக்குக்கு உயர்த்தி, 70ஆல் பெருக்கினால் ஓய்வாக இருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி கிடைக்கும். கருத்தடை செய்த, வளர்ந்த வீட்டு நாய்க்கு அதை மேலும் 1.6ஆல் பெருக்குவார்கள். கால்நடை மருத்துவர்கள் அன்றாடம் போடும் கணக்கு இது. 30 கிலோ நாய்க்குச் சுமார் 1,430 கலோரி வரும். 100 கிராமில் 350 கலோரி உள்ள உலர்தீவனம் என்றால் ஒரு நாளைக்கு 410 கிராம், ஆண்டுக்கு 150 கிலோ. அது 12 ஆண்டுகள் வாழ்ந்தால் 1,800 கிலோ! ஏறக்குறைய இரண்டு டன் தீவனத்தை 'மட்டும்தானே' என்று ஒதுக்க முடியுமா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும்.

10 கிலோ நாய்க்கு அதே தீவனம் நாளைக்கு 180 கிராம் போதும். எடை மூன்றில் ஒரு பங்கு, சாப்பாடோ பாதிக்குச் சற்றுக் குறைவு. அதாவது எடை மூன்று மடங்கானாலும் சாப்பாடு மூன்று மடங்காவதில்லை. ஆனால் மருந்தில் இந்தச் சலுகை கிடையாது. உண்ணி மாத்திரை, நுண்ணுயிர்க்கொல்லி, மயக்க மருந்து எல்லாமே பெரும்பாலும் கிலோவுக்கு இவ்வளவு மில்லிகிராம் என்று தரப்படுபவை. மூன்று மடங்கு எடை என்றால் மருந்தும் மூன்று மடங்கு. வாங்கும் நாளில் நம் கையில் இருப்பது மூன்று கிலோக் குட்டி. பிறகு காலமெல்லாம் நாம் பணம் கட்டுவது அது வளர்ந்து நிற்கும் எடைக்கு.

வீட்டிலேயே சமைத்துப் போட்டால் மிச்சம் என்று எதிரணியில் அடுத்து வருபவர் சொல்லக்கூடும். இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வெறும் சோறும் கறியுமாக வளரும் குட்டியின் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். கால் வளையும், சிறு குதியலில்கூட எலும்பு முறியும். மருத்துவர் எழுதித்தரும் அளவும், கலக்க வேண்டிய சத்துப்பொடியும் சேர்ந்தால்தான் வீட்டுச் சமையல் முழுமையாகும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மிச்சம் அதிகம் இருக்காது. பெரிய மூட்டையாக வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிரித்த மூட்டையிலுள்ள கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடித்துக் கெடும். நான்கைந்து வாரத்துக்குள் தீரும் அளவே வாங்க வேண்டும், அதையும் அதன் பையோடு காற்றுப்புகாத டப்பாவில் வைக்க வேண்டும்.

செலவை உண்மையாகக் குறைக்கும் கருவி ஒன்று உண்டு. அது சமையலறைத் தராசு. கிண்ணத்தால் அள்ளிப் போடுபவர் கை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அளவு போடும். கிராமில் நிறுத்துப் போடுங்கள். இடைத்தீனி மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். 2002இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார்களை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்குக் கால் பங்கு குறைத்துப் போட்டு வளர்த்தார்கள். அதிகம் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாகத் தின்றவற்றுக்கு 13 ஆண்டு. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. கூடுதலாகப் போட்ட தீவனத்துக்கும் பணம், அதனால் வரும் மூட்டுவலிக்கும் பணம் என்று இரண்டு முறை செலவழிப்பவர்கள் எத்தனை பேர்!

தடுப்பூசிக்கு வருகிறேன். முதல் ஆண்டோடு முடிகிற செலவு என்றார்கள். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், 16 வாரமோ அதற்கு மேலோ ஆகும்வரை போட வேண்டும். ஏன் இத்தனை முறை? தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப்பொருள் தடுப்பூசியையே செயலிழக்க வைக்கும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 16 வாரத்து ஊசி உயிர்நாடியானது. இரண்டு ஊசியோடு போதும் என்று நிறுத்திய வீட்டுக்குத்தான் பார்வோ என்ற வைரஸ் நோய் வருகிறது. அது குடலின் உட்சுவரை உரித்து, வெள்ளையணுக்களையும் அழிக்கும். தனி அறையில், பல நாள், இரவும் பகலும் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். மிச்சம் பிடித்த ஓர் ஊசிக்குப் பல மடங்கு அங்கே போகும். அப்போதும் குட்டி பிழைக்கும் என்ற உறுதி இல்லை. முதல் தொடர் முடிந்தாலும் எலிக்காய்ச்சல் ஊசி ஆண்டுதோறும் உண்டு, வெறிநோய்த் தடுப்பூசி உரிய கெடுவில் உண்டு, குடற்புழு மாத்திரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உண்ணிக்கு மருந்து மாதாமாதம். இவற்றில் எது முதல் ஆண்டோடு நிற்கிறது?

கருத்தடை ஒருமுறைச் செலவு என்பது சரிதான். அதைத் தள்ளிப்போட்ட பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டினால் அதே அறுவையை நள்ளிரவில், காய்ச்சலோடு, பல மடங்கு செலவில் செய்ய நேரும். பல்லும் அப்படித்தான். தினமும் நாய்க்கென உள்ள பற்பசையால் துலக்காவிட்டால், முழு மயக்கம் கொடுத்துப் பற்காரையை எடுக்க வேண்டிவரும். மயக்கமில்லாமல் மலிவாகச் சுரண்டிவிடுகிறோம் என்பார்கள், நம்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் கறை மட்டும் போகும், ஈறுக்கு அடியிலுள்ள நோய் அப்படியே இருக்கும்.

எதிரணி சொன்னதில் ஒன்றை மனதார ஏற்கிறேன். குட்டியின் தாய் தந்தைக்குப் பரம்பரையாக வரும் இடுப்புமூட்டுக் குறை இல்லை என்று எக்ஸ்ரே எடுத்துச் சான்று வைத்திருக்கும் வளர்ப்பாளரிடம் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார் வாங்குபவர் அந்தச் சான்றைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் அந்தக் கூடுதல் விலை எதற்காக? பின்னால் வரப்போகும் இடுப்பு அறுவையின் செலவைத் தவிர்க்க! பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டைமூக்கு இனங்களில் பல நாய்களுக்கு மூக்குத்துளை குறுகி, வாயின் மென்மையான பின்னண்ணம் நீண்டு, மூச்சுக்கே அறுவை தேவைப்படும். பூடில் வகைக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது முடிவெட்ட வேண்டும். காக்கர் ஸ்பானியலுக்குக் காதுத் தொல்லை. குட்டியின் விலைச்சீட்டில் இதில் ஒரு வரியும் இருக்காது.

இன்னொன்று, நடுவர் அவர்களே. காப்பகத்திலிருந்து தத்தெடுத்தால் வாங்கும் விலை கிட்டத்தட்ட இல்லாமலே போகலாம். பல காப்பகங்கள் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்தே தருகின்றன. தத்தெடுப்பது மிக நல்ல செயல். ஆனால் அந்த நாய்க்கும் அதே 410 கிராம்தான், அதே மாத்திரைதான். வாங்கும் செலவைச் சுழியமாக்க வழியுண்டு, வளர்க்கும் செலவைச் சுழியமாக்க வழியே இல்லை. இதற்கு எதிரணி பதில் சொல்லட்டும்.

ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பையில் காற்று நிரம்பி, அது தன்னையே முறுக்கிக்கொள்வதுண்டு. நாய் ஓங்கரிக்கும், வாந்தி வராது, வயிறு உப்பும், நிலைகொள்ளாமல் அலையும். சில மணிநேரத்துக்குள் அறுவை செய்தாக வேண்டும். காப்பீடு இருக்கிறதே என்றால், அதை நாய் இளமையாக, நோயில்லாமல் இருக்கும்போதே எடுத்திருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள், வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். பல திட்டங்களில் முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகுதான் கேட்டுப் பெற வேண்டும். ஆகவே காப்பீடு இருந்தாலும் ஓர் அவசர அறுவைக்கான தொகை தனிக் கணக்கில் கிடக்க வேண்டும். அப்படி ஓர் அவசர இரவில் மருத்துவர் ஒரு தொகையைச் சொல்லி, தொடங்கட்டுமா என்று கேட்பார். குட்டிக்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்று அவர் கேட்கமாட்டார்.